ரங்கூனின் பெரிய ஊரணி

 

யாங்கோன் பயணத்தைப் பற்றிப் பேசும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். அழகான ஏரிகள், ஆற்றைத் தாண்டினால் ஒரு தீவுக் கோயில், வழியில் நல்ல சாப்பாடு என்று பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். எடுக்க எடுக்க அது வரலாறாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் பழைய வீட்டுத் திண்ணைக்கு உள்ளே, வாசல் நிலைக்கு மேலே அது தொங்கியது. என் அப்பாவைப் பெற்ற ஐயா வேட்டியும் கோட்டுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் அகலமான நீர்ப்பரப்பு, அதற்கும் பின்னால் மணியைக் கவிழ்த்ததுபோல ஒரு பெரிய பகோடா. அப்பத்தா எங்களிடம் சொல்வார்: “உங்க ஐயா ரங்கூன்ல பெரிய ஊரணிக் கரையில உக்காந்திருக்காக.” அப்பத்தா ரங்கூனைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஊரணிதான். ஆகவே அதுவும் ஊரணி.

ஐயா மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையலாள். தொழில் எல்லாம் நகரத்தார் கையில். மேலாள், அடுத்த ஆள், பெட்டியடிப் பையன் என்று அவர்களுக்குள் வரிசை உண்டு. சமையலுக்கும் எடுபிடிக்கும் ஊரிலிருந்து மற்ற சாதியாரையும் கூட்டிப் போவார்கள். அப்படிப் போனவர். கடிதத்தில் அவர் எழுதிய ஒரு விஷயத்தை மட்டும் அப்பத்தா திரும்பத் திரும்பச் சொல்வார். அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதாம். காலையும் மாலையும் குடத்தோடு ஊரணிக்கு நடந்த பெண்ணுக்கு, கடல் கடந்த ஊரைப் பற்றிய ஆகப் பெரிய செய்தி அதுதான்.

2019 ஜனவரியில் நான் யாங்கோன் போனபோது பையில் அந்தப் படத்தின் பிரதி இருந்தது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில் நானும் ஒரு படம் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். பயணிகளுக்கே உரிய ஆசை.

இறங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கன்டோஜி ஏரிக்குப் போய்விட்டேன். ஆங்கிலேயர் காலத்தில் ராயல் லேக். ‘கன்’ என்றால் குளம், ‘டோ’ அரசு, ‘ஜி’ பெரிய; பெரிய அரச குளம். ஜனவரிக் காலையில் யாங்கோன் குளிர்ச்சியாக இருக்கும். நீருக்கு மேல் மெல்லிய பனி. மரப்பலகை போட்ட நடைபாதை நீருக்கு மேலேயே போகிறது. லுங்கி கட்டிய முதியவர்கள் கைகளை வீசி நடக்கிறார்கள். ஆணோ பெண்ணோ, அங்கே இடுப்பில் இருப்பது லுங்கிதான், அவர்கள் சொல்வது லோஞ்சி. கன்னத்தில் தனாக்கா பூசிய பெண்கள் மொய்ங்கா விற்கிறார்கள். மீன் குழம்பில் சேமியா போட்ட பதார்த்தம் அது. காலைச் சாப்பாடே அதுதான். ஏரிக்குள் சின்னச் சின்னத் திட்டுகள். கிழக்குக் கரையில் இரட்டைப் பறவைத் தலையோடு தங்கநிறத்தில் ஒரு பெரிய அரச படகு மிதக்கிறது. உண்மையில் மிதக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் கட்டிய கான்கிரீட் கட்டடம், பெயர் கரவெய்க், உள்ளே உணவகம். மேற்கே திரும்பினால் ஷ்வேடகோன் பகோடா, காலை வெயில் பட்டு எரிகிறது. தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் எரிகிறது.

இதைவிட அழகான நகர ஏரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்த ஏரி இயற்கை செய்தது இல்லை. 1852இல் இரண்டாம் ஆங்கிலோ பர்மியப் போரில் ரங்கூன் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆற்றோரச் சதுப்பில் புதிதாக ஒரு நகரம் வரைந்தார்கள். முதல் திட்டத்தைக் கொடுத்தவர் டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரி. சிங்கப்பூரில் நீண்ட காலம் இருந்த மருத்துவர். அதைத் திருத்தி நிலத்தில் இறக்கியவர் அலெக்சாண்டர் ஃபிரேசர் என்ற ராணுவப் பொறியாளர். சூலே பகோடாவை நடுவில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டதுபோல் தெருக்கள். ஆற்றின் பக்கத்தில்தான் நகரம், ஆனால் அந்த ஆற்று நீரைக் குடிக்க முடியாது. கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு அது. மழைக்காலத்தில் ஊரெங்கும் தண்ணீர், கோடையில் குடிக்க இல்லை. நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஷ்வேடகோன் குன்றுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் நீரைத் தேக்கினார்கள். அதுதான் ராயல் லேக். நகரம் வளர்ந்தது, அது போதவில்லை. 1882-83இல் வடக்கே சில மைல் தள்ளி, குன்றுகளுக்கு நடுவே ஓடிய மழைநீர் ஓடைகளை மறித்துக் கரை போட்டு இன்னொரு ஏரி உண்டாக்கினார்கள். விக்டோரியா லேக், இன்றைய இன்யா ஏரி. அங்கிருந்து குழாய் வழியாகக் கன்டோஜிக்கு நீர் வந்தது. அதுவும் போதாமல் 1904இல் இன்னும் வடக்கே லோகா நீர்த்தேக்கம். ஒரு நகரத்தின் தாகம் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. இதேதான் மற்ற இடங்களிலும். 1868இல் சிங்கப்பூர், பிற்பாடு மெக்ரிச்சி என்று பெயர் மாறிய நீர்த்தேக்கத்தைக் கட்டியது. 1872இல் சென்னை, புழல் ஏரியிலிருந்து குடிநீர் கொண்டுவந்தது. இப்போது மெக்ரிச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை குரங்கு பார்க்கப் போகிறோம்.

கன்டோஜிக் கரையில் நின்று இதையெல்லாம் யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பத்தா சொன்னதுதான் சரி. குடிப்பதற்காக வெட்டிக் காப்பாற்றும் நீர்நிலைக்கு எங்கள் பக்கத்தில் ஊரணி என்றுதான் பெயர். பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊரணி. ஊர் உண்ணும் நீர். வெள்ளைக்காரன் அதற்கு ராணியின் பெயரையும் ராஜாவின் பெயரையும் வைத்தான். ரங்கூனைப் பார்க்காத ஒரு கிழவி அதன் வேலையைப் பெயராகச் சொல்லிவிட்டாள்.

சரி, அந்த ஊரணியிலிருந்து உண்ட ஊர் எது?

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூனில் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அதில் பாதிக்கும் மேல், 2 லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள், இந்தியர்கள். பர்மாவின் தலைநகரில் பர்மியர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1920களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பேர் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அதில் பெரும்பாலோர் சில வருடங்களில் திரும்பினார்கள். தெலுங்குக் கூலிகள் மூட்டை தூக்கினார்கள். ஒரியர், வங்காளிகள், சூரத்திகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில். நம் ஆட்கள் எல்லா அடுக்கிலும் இருந்தார்கள். டெல்டாவில் நாற்று நடவும் அறுக்கவும் போனவர்கள், நகரசபைத் துப்புரவு வேலைக்காரர்கள், சூலியா முஸ்லிம் வணிகர்கள், அலுவலக எழுத்தர்கள், எல்லோருக்கும் மேலே செட்டியார்கள். ஃபிரேசர் தெருவில், இன்றைய அனவரட்டா சாலையில், 1871இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் இன்றும் இருக்கிறது. பொம்மைகள் நிறைந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் ஒரு நொடி மதுரையில் இருக்கிறோமோ என்று தோன்றும். கீழே பார்த்தால் புறாக்களுக்குச் சோளம் விற்கும் பர்மியப் பெண்.

வந்து இறங்கியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் அது அழகான கதை இல்லை. ஒரு அறையில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று நகரசபை விதி வைத்திருந்தது. அதைப்போல நாலைந்து மடங்கு பேர் இருந்தார்கள். பகல் ஷிஃப்ட்காரன் படுத்த இடத்தில் இரவு ஷிஃப்ட்காரன் படுப்பான். கிட்டங்கி அவ்வளவு மோசமில்லை. ஆனால் அங்கும் தனி அறை கிடையாது. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு கணக்குமேசை, ஒரு பாய். பகலில் தொழில், இரவில் அதே இடத்தில் தூக்கம். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர். பெண்கள் இல்லை.

ஏரிக்கரை வேறு உலகம். ராயல் லேக்கைச் சுற்றி டல்ஹௌசி பூங்கா, படகு கிளப், துரைமாரின் மாலை நேரம். ஆசியர் எவரையும் உறுப்பினராகச் சேர்க்காத பெகு கிளப் அதிகத் தூரத்தில் இல்லை. பூங்காவுக்குள் யாரும் போகலாம். ஆனால் விடியுமுன் அடுப்பு மூட்டி, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற சமையலாளுக்கு அது எத்தனை தடவை வாய்த்திருக்கும்?

இரண்டு நாள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றினேன். எந்தக் கரையில் நின்றாலும் பகோடா அந்த அளவில் தெரியவில்லை. கிழக்கே போனால் சிறியது, தெற்கே போனால் சாய்வு. மூன்றாம் நாள் இரவு, விடுதி அறையில் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்காலிக் காலுக்குக் கீழே தரை விரிப்பு. நீர்ப்பரப்பின் கீழ் விளிம்பில் ஒரு மடிப்பு. துணி மடிப்பு.

அது ஸ்டூடியோத் திரை. ஏரியும் பகோடாவும் யாரோ சாயத்தில் எழுதியவை. ஐயா ரங்கூனில் ஏதோ ஒரு தெருவில், ஒரு மாடியில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து காசு கொடுத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார். முகப்பில் தொங்கவிட்டு, ஐம்பது வருடம் நாங்கள் அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். கொஞ்ச நேரம் ஏமாந்ததுபோல இருந்தது. பிறகு அவர் மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது. இதில் பொய் ஏதும் இல்லை. அந்த ஏரித் தண்ணீரில்தான் அவர் உலை வைத்தார்.

நாம் வைத்திருக்கும் ரங்கூன் நினைவே கொஞ்சம் திரைத்துணிதான் என்று அன்றைக்குத் தோன்றியது. தேக்கு, அரிசி, காளி கோயில், மொகல் தெரு, குண்டுவீச்சு, நடைப்பயணம், 1964 கப்பல். எல்லாமே நமக்கு வாய்த்தவை, நமக்கு நடந்தவை. நாம் இருந்ததால் அவர்களுக்கு என்ன நடந்தது என்பது திரைக்குப் பின்னால் போய்விட்டது. இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். கேட்பவர்களில் செட்டிநாட்டுக்காரர்கள் பலர் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நானும் அந்த உப்பைத் தின்றவன்தான்.

கீழ் பர்மா டெல்டா பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலும் காடும் சதுப்பும். அதை நெல்வயலாக்கியவன் பர்மிய விவசாயி. காடு வெட்ட, மாடு வாங்க, அறுப்பு வரை சாப்பிட அவனுக்குப் பணம் வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் செட்டியார்கள். 1930 வாக்கில் பர்மா முழுக்க ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள்; புரண்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று வங்கித்தொழில் விசாரணைக் குழு மதிப்பிட்டது. மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயம் செய்வார்கள். முருகன் சாட்சி. ஊரில் கடன் கொடுத்த பர்மியக் கடன்காரர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு, கணக்கு நேர்மை. இது அந்தக் காலத்து அதிகாரிகளே ஒப்புக்கொண்டது. உலகத்திலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு.

செட்டியாருக்கு நிலம் வேண்டியதில்லை, வட்டிதான் வேண்டும். நிலத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. 1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். ஏழெட்டு வருடத்தில் நாலில் ஒரு பங்கு வயல், கடலுக்கு அப்பால் குடும்பம் வைத்திருக்கும் மனிதர்களின் பெயருக்கு மாறிவிட்டது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. காடு வெட்டியவனின் பேரன் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றான். அவன் கண்ணுக்குப் பிரிட்டிஷ் கவர்னர் தெரியமாட்டார், லண்டன் அரிசிச் சந்தை தெரியாது. தெரிந்தவர் நெற்றியில் விபூதி பூசிய ஒருவர்.

அதே 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, முதலாளிகள் பர்மியரைக் கூட்டிவந்து வேலை வாங்கினார்கள். பிறகு சமரசம் ஆனதும் பர்மியரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கலவரம் வெடித்தது, இந்தியர்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். ஆண்டு இறுதியில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் கிளர்ச்சி. 1938இல் மறுபடி கலவரம், இம்முறை முஸ்லிம்களைக் குறிவைத்து. கொலைகளுக்கு நியாயம் கிடையாது. நான் நியாயம் சொல்லவில்லை. ஆனால் ‘நன்றி கெட்டவர்கள்’ என்று எங்கள் ஊர்த் திண்ணையில் முடித்துவிடுவார்களே, அது போதாது என்கிறேன்.

எங்கள் ஊர் ஊரணிப் படித்துறையில் ஒரு கல் இருக்கிறது. அதை வெட்டிப் படி கட்டிய செட்டியாரின் விலாசமும், பக்கத்தில் ரங்கூன் என்ற சொல்லும் அதில் உண்டு. செட்டிநாடு முழுக்க இப்படி ஊரணிகள், கோயில்கள், பாடசாலைகள். அந்தத் தண்ணீரில் சாதி பார்த்தார்கள் என்றாலும் ஊர் குடித்தது. நானும் குடித்து வளர்ந்தேன். டெல்டாவில் ஒருவன் இழந்த வயலுக்கும் அந்தப் படிக்கல்லுக்கும் நடுவே ஒரு குழாய் ஓடுகிறது. இன்யாவிலிருந்து கன்டோஜிக்கு ஓடியதைப்போல. யாங்கோன் போகும்வரை நான் அதை யோசித்ததே இல்லை.

1941 டிசம்பர் 23, 25 தேதிகளில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. 1942 மார்ச் 8இல் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில். மற்றவர்கள் நடந்தார்கள், தாங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கு, அல்லது கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்கு. 4 முதல் 5 லட்சம் பேர் வெளியேறினார்கள் என்பது பொதுவான கணக்கு. காலராவிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று காட்டிலும் பாகுபாடு காட்டினார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியோடு அப்படித்தான் நடந்து வந்தார். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் கொண்டுவந்த மனிதர், அந்தப் பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். ஹாங்காங்கில் வாழ்ந்த செ. முஹம்மது யூனூஸ் சொல்ல, மு. இராமனாதன் தொகுத்த ‘எனது பர்மா குறிப்புகள்’ இன்னொரு நல்ல வாசல்.

ஐயா தாமு வழியாக வந்தார். வைகாசியில் ஊர் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். வழியைப் பற்றி அவர் ஒன்றும் பேசியதில்லை. ஒன்றே ஒன்று. வீட்டில் யாராவது தண்ணீரைச் சிந்தினால் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

போருக்குப் பிறகு திரும்பிப் போனவர்களும் உண்டு. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. செட்டியார்களின் வயல்கள் போயின. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி. 1964 மார்ச் 19 அன்று ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே 17இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டிக்கடைக்காரனும் செட்டியாரும் ஒரே நாளில் ஒன்றானார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் வந்தார்கள். வியாசர்பாடியில் குடியேறினார்கள், 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் போட்டார்கள், அத்தோவை நமக்குப் பழக்கினார்கள். இந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும், விரிக்கவில்லை.

இன்யா ஏரிக்கும் ஒரு மாலை போனேன். கன்டோஜியைவிடப் பெரியது, காற்று அதிகம். மேட்டுக் கரையில் குடைக்குள் ஒளிந்து உட்கார்ந்த காதலர்கள். பக்கத்திலேயே பல்கலைக்கழகம். 1988 மார்ச்சில் ஊர்வலமாக வந்த மாணவர்களை இந்தக் கரையில்தான் படை வளைத்தது. அடித்தார்கள், சிலரை நீருக்குள் அமுக்கியதாகவும் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதே ஏரியின் கரையில்தான் ஆங் சான் சூச்சி ஏறத்தாழ 15 வருடம் வீட்டுக்காவலில் இருந்தார். நான் போன 2019இல் எல்லாம் முடிந்துவிட்டதாகத்தான் ஊர் நினைத்தது. 2021 பிப்ரவரிக்கு இரண்டு வருடம் பாக்கி இருந்தது.

கடைசி நாள் தீவுக்கு. பெகு ஆற்றின் மேல் பாலம் தாண்டினால் தன்லியின். ஆங்கிலேயர் சிரியம் என்றார்கள். 1600 வாக்கில் பிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுகீசியன் இங்கே கோட்டை கட்டி ஆண்டு, 1613இல் பர்மிய மன்னரிடம் பிடிபட்டுக் கழுவேற்றப்பட்டான். பிற்பாடு பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இந்தியத் தொழிலாளர் நிறைய வந்தார்கள். வயல் வேலைக்கு வந்து திரும்பாமலே தங்கிவிட்ட தமிழர்கள் இந்தப் பக்கத்தில்தான் அதிகம். பாலம் 1993இல்தான் வந்தது. அதுவரை படகுதான், ஒருவகையில் இதுவே ஒரு தீவு. சாலையின் இருபுறமும் அறுத்த வயல், நடுவில் திடீரென்று ஒரு கோபுரம், வேப்பமரம், அரிவாளோடு முனீஸ்வரர். தீமிதிக்குப் பர்மியர்களும் வருவார்கள் என்றார் ஓட்டுநர்.

இன்னும் தெற்கே போனால் சௌத்தான். அங்கே ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவு, தீவு முழுக்க ஒரு கோயில். யேலே பயா, ‘நட்டாற்றுப் பகோடா’ என்று நாம் சொல்லலாம். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் மூழ்காது, எத்தனை பேர் வந்தாலும் இடம் போதும் என்பது ஐதீகம். சுற்றி நீரில் ஆளுயரக் கெளுத்தி மீன்கள் பொரிக்காக வாய் பிளக்கின்றன. ஆளுயரம் என்பது சற்றுக் கூடுதல், பிள்ளை உயரம்.

படகுத்துறையில் ஒரு பெரியவர் பேரக் குழந்தைகளோடு நின்றார். லோஞ்சி, வெற்றிலை வாய், தோளில் துண்டு. என்னைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்:

“தம்பி எந்த ஊரு?”

சொன்னேன். மானாமதுரைப் பக்கமா என்றார். அவருடைய தாத்தா வந்த ஊர் பரமக்குடிக்குக் கிழக்கே என்று கேள்வி, பெயர் மறந்துவிட்டதாம். பிறந்தது இங்கே. 64இல் அண்ணன் கப்பல் ஏறினார், இவர் அம்மாவோடு தங்கிவிட்டார். அம்மா ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

“அவங்களுக்கு ஊரு இதுதான தம்பி. அங்க போயி யாரத் தெரியும்?”

குழந்தைகளுக்குத் தமிழ் தெரியுமா என்றேன். கோயிலில் விடுமுறைக்குச் சொல்லித் தருகிறார்களாம். ‘அம்மா, ஆடு வரைக்கும் வந்திருக்கு’ என்று சிரித்தார். செட்டியார் வயலில் வேலை செய்த குடும்பமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆமாம் என்றார். நிலம் சர்க்கார் எடுத்த பிறகும் அதே வயலில்தான் வேலையாம். முதலாளி மாறினார், வயல் மாறவில்லை.

படகு வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு படகு. வெளிநாட்டவர் தனியாகச் சீட்டு வாங்கி வேறு படகில்தான் போக வேண்டும், கட்டணமும் அதிகம். நான் லோஞ்சி கட்டியிருந்தேன், நிறமும் முகமும் அவருடையதுபோலத்தான். இருந்தாலும் சீட்டுக்காரப் பையன் என் செருப்பையும் பையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் என்று கை காட்டினான். பெரியவர் அவனிடம் பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டி மறுத்தான்.

“சட்டம்னா சட்டந்தான் தம்பி,” என்றார். “நீங்க அதுல வாங்க.”

அவர்களுடைய படகு முதலில் கிளம்பியது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தீவின் படியில் உட்கார்ந்து, குழந்தைகளுக்கு மீன் பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார்.